மின்சாரம் வரும் முன்பே ஆள் தேடியவர்

1944ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் தேதி. இரண்டாம் உலகப் போர் இன்னும் முடியவில்லை. ஹிரோஷிமாவில் குண்டு விழ ஏறத்தாழ பதினேழு மாதங்கள் இருந்தன. அமெரிக்காவில் நடந்துகொண்டிருந்த அணு ஆய்வு முழுக்க முழுக்க ராணுவ ரகசியம். அணுவைப் பிளந்து வெப்பம் எடுக்கலாம், அந்த வெப்பத்தில் மின்சாரம் எடுக்கலாம் என்பதெல்லாம் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரின் பேச்சாக மட்டுமே இருந்தது.

அந்த நாளில் பெங்களூரில் இருந்த 34 வயது இயற்பியலாளர் ஒருவர் டாட்டா அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுதினார். அடிப்படை இயற்பியலுக்கு ஓர் ஆய்வுக்கழகம் வேண்டும் என்பது கோரிக்கை. அதற்கு அவர் சொன்ன காரணந்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. இன்னும் இருபது ஆண்டுகளில் அணுச்சக்தியால் மின்சாரம் எடுக்கும் காலம் வரும். அப்போது இந்தியா நிபுணர்களுக்காக வெளிநாட்டின் வாசலில் நிற்கக்கூடாது. அவர்கள் வீட்டிலேயே தயாராக இருக்கவேண்டும். அணு மின்நிலையம் என்ற ஒன்று உலகில் எங்குமே இல்லாதபோது, அதை நடத்தப்போகிறவர்களுக்குப் பள்ளிக்கூடம் கட்டப் பணம் கேட்டிருக்கிறார் மனிதர்.

அவர் ஹோமி ஜஹாங்கீர் பாபா. ‘ராக்கெட் பாய்ஸ்’ தொடரைப் பார்த்தவர்களுக்கு அவர் முகம் ஒரு நடிகரின் முகமாக நினைவில் இருக்கும். நானும் முதலில் அப்படித்தான் அவரை அறிந்தேன். பொறியியல் இரண்டாம் ஆண்டில் எரிசக்திக் கொள்கை பற்றிய ஒரு பாடத்துக்காகப் படிக்கத் தொடங்கியபோதுதான், நாடகத்தில் காட்டியதைவிட உண்மைக் கதை சிக்கலானது என்பது தெரிந்தது.

பாபா 1909ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் தேதி பம்பாயில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். அத்தை மணந்துகொண்டது டாட்டா குழுமத்தின் டோராப்ஜி டாட்டாவை. வீட்டில் மேல்நாட்டுச் சங்கீத இசைத்தட்டுகளும் ஓவியப் புத்தகங்களும் நிறைந்திருந்தன. பிள்ளை கேம்பிரிட்ஜில் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு வந்து ஜாம்ஷெட்பூரில் டாட்டா இரும்பு ஆலையில் வேலையில் சேரவேண்டும் என்பது குடும்பத்தின் திட்டம். 1927இல் கப்பலேறினார்.

ஒரே ஆண்டில் மனம் மாறிவிட்டது. இயற்பியல்தான் தன் வழி என்று தந்தைக்கு எழுதினார். அந்தத் தந்தை நல்ல வழக்கறிஞர்தான் போலும். மறுக்கவும் இல்லை, உடனே தலையாட்டவும் இல்லை. முதலில் பொறியியல் தேர்வில் முதல் வகுப்பு வாங்கு, பிறகு நீ விரும்புவதைப் படிக்கப் பணம் தருகிறேன் என்று நிபந்தனை போட்டார். மகன் 1930இல் முதல் வகுப்பு வாங்கினார். தந்தையும் சொன்ன சொல் காத்தார். பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் வீட்டோடு மல்லுக்கட்டும் நம்மில் பலருக்கு இது பழகிய கதை. ஆனால் பின்னால் வந்த பாபாவைப் பார்க்கும்போது, அந்தப் பொறியியல் படிப்பு வீணாகவே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. சமன்பாடும் எழுதத் தெரிந்து, கான்கிரீட்டின் கணக்கும் புரிந்த ஒருவர்தான் பிறகு அணு உலை கட்டச் சொல்லித் துணிந்தார்.

ஆய்வாளராக அவர் பெயர் பெற்றது விரைவில் நடந்தது. எலெக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் மோதிச் சிதறுவதை அவர் கணக்கிட்ட முறைக்கு இன்றும் பாபா சிதறல் என்றுதான் பெயர்; துகள் முடுக்கிகளில் மோதல்களின் அளவைச் சரிபார்க்க அது பயன்படுகிறது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் துகள் மழையாகப் பெருகுவது எப்படி என்பதை வால்டர் ஹைட்லருடன் சேர்ந்து 1937இல் விளக்கினார். 31 வயதில் லண்டன் ராயல் சங்கத்தின் உறுப்பினரானார்.

1939இல் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தபோது போர் மூண்டது. திரும்பிப் போக முடியவில்லை. சர் சி.வி. ராமன் இயற்பியல் துறைக்குத் தலைமை தாங்கிய பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். போர் மட்டும் வந்திராவிட்டால் அவர் ஐரோப்பாவிலேயே தங்கி, பரிசுகள் வாங்கி, பாடநூலில் ஒரு வரியாக மிஞ்சியிருக்கக்கூடும். பெங்களூரில் இருந்த ஆண்டுகளில்தான், திறமையுள்ளவன் சொந்த நாட்டில் இருந்துகொண்டே உலகத்தரமான பள்ளி ஒன்றை உருவாக்கவேண்டும் என்ற எண்ணம் அவருக்குள் உறுதிப்பட்டது.

கடிதத்துக்குப் பலன் கிடைத்தது. டாட்டா அடிப்படை ஆய்வுக்கழகம் 1945 ஜூன் மாதம் பெங்களூரில் தொடங்கி, அந்த ஆண்டு இறுதியிலேயே பம்பாய்க்கு இடம்பெயர்ந்தது. இடம் என்று சொன்னால் பெரிதாக நினைக்கவேண்டாம். பெடர் சாலையில் உறவினருக்குச் சொந்தமான கெனில்வொர்த் என்னும் பங்களாவின் பாதி. செலவில் பெரும்பங்கை அறக்கட்டளை ஏற்றது. பம்பாய் மாகாண அரசு ஒரு பங்கும் மத்திய அரசு ஒரு சிறு பங்கும் கொடுத்தன. சில ஆண்டுகளில் இந்தக் கணக்கு தலைகீழானது. அணு ஆய்வுக்கு வேண்டிய பணம் எந்தச் செல்வந்தரின் அறக்கட்டளையாலும் தாங்கக்கூடியதாக இல்லை.

இதைப் பாபா நன்றாகவே அறிந்திருந்தார். ஓர் அணு உலைக்கு முதலில் யுரேனியம் தேடவேண்டும், பிறகு சுரங்கம், பிறகு தூய்மைப்படுத்தும் ஆலை, கனநீர், எரிபொருள் தண்டுகள், கதிர்வீச்சு அளக்கும் கருவிகள். இவற்றில் எதுவும் பத்து ஆண்டுகளுக்கு லாபம் தராது. எந்த வியாபாரியும் கை வைக்கமாட்டார். அரசாங்கம் ஒன்றுதான் இருபது ஆண்டு பொறுக்கும் முதலாளி.

அந்த அரசாங்கத்தின் தலைமையில் அப்போது இருந்தவர் ஜவஹர்லால் நேரு. இருவரும் கேம்பிரிட்ஜில் படித்தவர்கள், ஓவியமும் புத்தகமும் பேசக்கூடியவர்கள். பாபா தன் கடிதங்களில் பிரதமரை அண்ணன் முறை வைத்து விளிக்கும் அளவுக்கு நெருக்கம் வளர்ந்தது. 1948 ஏப்ரலில் அணுச்சக்திச் சட்டம் நிறைவேறியது. அதே மாதம் பாபா பிரதமருக்கு ஒரு குறிப்பு எழுதினார்: இந்த வேலையைப் பெரிய குழுவிடமோ வழக்கமான அரசுத் துறையிடமோ ஒப்படைக்க வேண்டாம், மிகச் சிலர் கொண்ட ஆணையம் போதும், அது பிரதமருக்கு மட்டும் பதில் சொல்லட்டும். ஆகஸ்டில் மூவர் கொண்ட அணுச்சக்தி ஆணையம் அமைந்தது. பாபா தலைவர். மற்ற இருவர் சாந்தி ஸ்வரூப் பட்நாகரும் கே.எஸ். கிருஷ்ணனும். கிருஷ்ணன் ராமனுடன் ஒளிச்சிதறல் ஆய்வில் தோளோடு தோள் நின்றவர். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்து வத்திராயிருப்புக்காரர்.

1954இல் அணுச்சக்தித் துறை தனித் துறையானது. பாபாவே அதன் செயலாளர். செயலாளர் என்றால் தலைநகரில் அமர்ந்து கோப்பு பார்ப்பவர் என்பது வழக்கம். இந்தத் துறையின் தலைமையகமோ டெல்லியில் இல்லை, பம்பாயில் இருந்தது. 1958இல் ஆணையத்துக்கு நிதியிலும் நிர்வாகத்திலும் முழு அதிகாரம் கிடைத்தது. அதாவது திட்டம் போடுபவர், அதற்குப் பணம் ஒதுக்குபவர், அதைச் செய்து முடிப்பவர் மூவரும் ஒரே நாற்காலியில். ஓர் அறிவியலாளருக்கு ஜனநாயக அரசு இவ்வளவு இடம் கொடுத்த வேறு உதாரணம் எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

இது நல்லதா? பாபாவின் காலத்திலேயே இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் உண்டு. சட்ட முன்வரைவு விவாதத்தின்போது உறுப்பினர் ஒருவர் எழுந்து, பிரிட்டனில் ரகசியக் காப்பு தற்காப்பு ஆய்வுக்கு மட்டும்தானே, இங்கே அமைதி வழி ஆய்வையும் ஏன் மூடி மறைக்கவேண்டும் என்று கேட்டார். இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்று தமக்குத் தெரியவில்லை என்பதே நேருவின் பதிலாக இருந்தது. நேர்மையான பதில்தான். ஆனால் அந்தப் பதிலுக்குள் பின்னால் வந்த பல சிக்கல்களின் விதை கிடக்கிறது.

இன்னும் கடுமையாக எதிர்த்தவர் மேக்நாத் சாகா. விண்மீன்களின் வெப்பநிலையை அவற்றின் ஒளியிலிருந்து கணிக்க வழி காட்டியவர். டாக்கா பக்கத்துக் கிராமத்தில் சிறு கடைக்காரரின் மகனாகப் பிறந்து, வறுமையோடும் சாதியோடும் போராடி மேலே வந்தவர். பாபாவுக்கு வாய்த்த சொந்தபந்தமும் செல்வாக்கும் அவருக்கு வாய்க்கவில்லை. கல்கத்தாவில் தம் முயற்சியால் அணு இயற்பியல் கழகம் ஒன்றை நிறுவியிருந்தார். முதலில் பல்கலைக்கழகங்களில் மாணவர்களைத் தயார்செய்யுங்கள், தொழில்துறையை வளருங்கள், பிறகு ஆணையம் அமைக்கலாம் என்பது அவர் வாதம். நாடாளுமன்ற உறுப்பினரான பிறகு 1954இல் அணுச்சக்தி பற்றி மக்களவையிலேயே விவாதம் எழுப்பினார். 1956இல் காலமாகும்வரை அவர் குரல் ஓயவில்லை.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் எனக்குச் சாகாவின் பக்கம் சாயத்தான் ஆசை. அரசின் ஆய்வுப் பணம் ஒரு சில நிறுவனங்களுக்குள் குவிந்தால் வகுப்பறை வறண்டுபோகும். நல்ல ஆசிரியர்கள் ஆய்வுக்கூடத்துக்குப் போய்விடுவார்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு அது நேர்ந்தது என்று எழுதியவர்கள் பலர். ஆனால் சாகா சொன்ன வரிசைப்படி போயிருந்தால் அடுத்து நான் சொல்லப்போவது நடந்திருக்குமா என்பதும் சந்தேகமே.

1955இல் பம்பாய்க்கு வெளியே டிராம்பேயில் ஓர் ஆய்வு உலை கட்டுவதென்று முடிவானது. நீச்சல்குளம் போன்ற ஒரு தொட்டியில் தண்ணீர். அதன் அடியில் எரிபொருள். தண்ணீரே குளிர்விக்கும், தண்ணீரே கதிர்வீச்சைத் தடுக்கும். எரிபொருளை பிரிட்டன் தந்தது. மற்றவற்றை உள்ளூர் இளைஞர்கள் வடிவமைத்துக் கட்டினார்கள். அவர்களில் யாரும் அதற்குமுன் உலை கட்டியதில்லை. 1956 ஆகஸ்ட் 4ஆம் தேதி, வேலை தொடங்கி ஓராண்டுக்குச் சற்று அதிகமான காலத்தில், அது தொடர்வினையை எட்டியது. சோவியத் ஒன்றியத்தை விட்டுவிட்டால் ஆசியாவின் முதல் அணு உலை அதுதான். தண்ணீருக்குள் தெரிந்த நீல ஒளியைப் பார்த்து நேரு அதற்கு அப்சரா என்று பெயர் வைத்தார்.

அதற்கு முந்தைய ஆண்டு, ஐக்கிய நாடுகள் சபை ஜெனீவாவில் நடத்திய அணுச்சக்தியின் அமைதிவழிப் பயன்பாடு பற்றிய முதல் மாநாட்டுக்குப் பாபாதான் தலைவர். தலைமையுரையில், இன்னும் இருபது ஆண்டுகளில் அணுப்பிணைவால், அதாவது சூரியன் எரியும் முறையால், மின்சாரம் எடுக்க வழி பிறக்கும் என்று கணித்தார். எழுபது ஆண்டுகள் கழிந்துவிட்டன. அந்த மின்சாரம் எந்த வீட்டு விளக்கையும் இன்னும் ஏற்றவில்லை. பாபாவின் கணிப்புகளில் நம்பிக்கை எப்போதும் ஒரு படி அதிகம்.

அடுத்த உலை சைரஸ். கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா கொடுத்தது. கனநீரை அமெரிக்கா தந்தது. 40 மெகாவாட் வெப்பத்திறன். 1960இல் இயங்கத் தொடங்கியது. நம் தாத்தா காலத்தில் பலரை வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பிய அதே கொழும்புத் திட்டந்தான். அமைதி வழிக்கே பயன்படுத்துவோம் என்ற உறுதி ஒப்பந்தத்தில் இருந்தது. அதைச் சோதிக்க ஆள் அனுப்பும் ஏற்பாடு இல்லை. உலையில் எரிந்த யுரேனியத்திலிருந்து புளூட்டோனியத்தைப் பிரிக்கும் ஆலையையும் 1964இல் டிராம்பேயிலேயே இயக்கினார்கள். பாபா இறந்து எட்டாண்டு கழித்து, 1974இல் பொக்ரானில் வெடித்த சாதனத்தின் புளூட்டோனியம் சைரஸிலிருந்து வந்தது. கனடா அத்துடன் உறவை முறித்துக்கொண்டது.

பாபா குண்டை விரும்பினாரா? 1964 அக்டோபரில் சீனா வெடித்துச் சோதித்த எட்டாவது நாள் அவர் வானொலியில் பேசினார். ஆயுதக் களைவு வேண்டும் என்றும் பேசினார். குண்டு செய்ய ஆகும் செலவு அப்படியொன்றும் பெரிதல்ல என்று தோன்றும் எண்களையும் சொன்னார். அதன்பிறகு டெல்லியில் குண்டு வேண்டும் என்றவர்கள் அந்த எண்களைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அவர் இரண்டு கதவையும் திறந்து வைத்திருந்தார் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். குடிமக்களுக்கான மின்சாரம் என்ற பெயரில் கேட்ட பணத்தில் இன்னொரு வாய்ப்பும் சேர்ந்தே வளர்ந்தது. இதை மறைத்து அவரை வெறும் மின்சார முனிவராகக் காட்டுவது அவருக்கே நியாயமாகாது.

அவர் போட்ட பெரிய கணக்கு மின்சாரத்தைப் பற்றியதுதான். இந்தியாவில் யுரேனியம் குறைவு. ஆனால் கேரளக் கடற்கரையிலும், கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் மணலில் மோனசைட் என்ற கனிமம் உண்டு. அதில் தோரியம் இருக்கிறது. தோரியம் தானாக எரியாது. நனைந்த விறகு போல. அதைப் பற்றவைக்க வேறு நெருப்பு வேண்டும். ஆகவே மூன்று கட்டம் என்று 1954இல் முன்வைத்தார். முதல் கட்டத்தில் இயற்கை யுரேனியத்தைக் கனநீர் உலைகளில் எரிப்பது. அதில் எளிதில் பிளவுபடும் வகை நூற்றுக்கு 0.7 பங்குதான், மீதியில் ஒரு பகுதி உலைக்குள் புளூட்டோனியமாக மாறும். இரண்டாம் கட்டத்தில் அந்தப் புளூட்டோனியத்தை வேக ஈனுலையில் இடுவது. அது எரித்ததைவிட அதிக எரிபொருளை ஈன்று தரும். மூன்றாம் கட்டத்தில் தோரியத்தைப் பிளவுபடும் யுரேனியமாக மாற்றி எரிப்பது. ஒரு கட்டத்தின் சாம்பல் அடுத்த கட்டத்தின் விறகு. தாளில் பார்த்தால் அழகு சொக்கவைக்கும்.

ஆனால் நான் அவருடைய சாதனைகளில் முதலாவதாக வைப்பது உலையையும் அல்ல, இந்தத் திட்டத்தையும் அல்ல. 1957இல் டிராம்பேயில் தொடங்கிய பயிற்சிப் பள்ளியை. ஆண்டுதோறும் நாடு முழுவதிலுமிருந்து அறிவியல், பொறியியல் பட்டதாரிகளைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகை கொடுத்து, ஓராண்டு பாடம் சொல்லி, பிறகு வேலையில் அமர்த்தினார்கள். மின்நிலையம் ஒன்றுகூட இல்லாத காலத்தில்! இன்றுவரை அந்தப் பள்ளி நடக்கிறது. இந்தியாவின் அணு விஞ்ஞானிகளில் பல தலைமுறை அதன் வாசல் வழியாக வந்தது.

சிங்கப்பூரில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது மனம் இங்கேயும் வந்து போகிறது. 2012இல் நம் அரசாங்கம் செய்த ஆய்வு, அன்றைய உலை வகைகள் நம் சிறு தீவுக்குப் பொருந்தா என்று சொன்னது. இருந்தும் 2014இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் அணு ஆய்வு, பாதுகாப்புக்கென ஒரு திட்டம் தொடங்கி, இளையர்களை வெளிநாட்டில் படிக்கவும் அனுப்பியது. உலை வேண்டுமா வேண்டாமா என்று முடிவாகாமலே ஆள் தயாராகிறார்கள். வேறுபாடும் உண்டு: இங்கே அது ஒரு பல்கலைக்கழகத்துக்குள் இருக்கிறது. சாகா பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

பாபா கட்டடத்தையும் தோட்டத்தையும் ஓவியத்தையும் விட்டுக்கொடுத்ததில்லை. 1962இல் கொலாபாக் கடற்கரையில் நேரு திறந்துவைத்த புதிய ஆய்வுக்கழகத்துக்காக எம்.எஃப். ஹுசைனைப் பெரிய சுவரோவியம் தீட்டச் செய்தார். சாலை போட வெட்டப்படவிருந்த மரங்களை வேரோடு பெயர்த்து வந்து நட்டார். அரசுப் பணத்தில் இதெல்லாம் ஆடம்பரம் என்று முணுமுணுத்தவர்கள் இருந்திருப்பார்கள். நானாக இருந்தாலும் முணுமுணுத்திருப்பேன், அந்தக் கூடத்தின் படங்களைப் பார்க்கும்வரை.

1964 மே மாதம் நேரு மறைந்தார். அந்த ஆண்டுகளில் பாபா அமெரிக்கர்களுடன் தாராப்பூர் மின்நிலையத்தையும் கனடாவுடன் ராஜஸ்தான் நிலையத்தையும் ஒப்பந்தமாக்கி முடித்திருந்தார். 1966 ஜனவரி 11ஆம் தேதி பிரதமர் சாஸ்திரியும் தாஷ்கண்டில் காலமானார். ஜனவரி 24ஆம் தேதி இந்திரா காந்தி பதவியேற்றார். அன்று காலைதான் வியன்னாவில் அனைத்துலக அணுச்சக்தி அமைப்பின் கூட்டத்துக்குப் புறப்பட்ட பாபாவின் விமானம், ஜெனீவாவில் இறங்கவேண்டிய ஏர் இந்தியாவின் ‘கஞ்சன்ஜங்கா’, மோன் பிளாங்க் மலையில் மோதியது. 117 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அவருக்கு வயது 56. சதி என்ற பேச்சு இணையத்தில் இன்றும் ஓடுகிறது. அதை நிறுவும் சான்று எதையும் நான் காணவில்லை. அதைப் பற்றி அதற்குமேல் எழுதவும் விருப்பமில்லை. திருமணம் செய்துகொள்ளாத அந்த மனிதர் விட்டுச்சென்றது டிராம்பேயைத்தான். அடுத்த ஆண்டு அதற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

தாராப்பூர் 1969இல் மின்சாரம் தந்தது. 1944இல் அவர் கேட்ட இருபது ஆண்டு இருபத்தைந்தானது, பெரிய பிழையில்லை. 1987க்குள் ஏறத்தாழ 20,000 மெகாவாட் என்று அவர் காலத்து ஆணையம் போட்ட கணக்கோ வெகுதூரம் தவறியது. அந்த ஆண்டு வந்தபோது நிறுவப்பட்டிருந்தது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1974க்குப் பிறகு வெளிநாட்டு உதவி நின்றது ஒரு காரணம். ஒவ்வொரு உருளையையும் வால்வையும் உள்ளூரில் செய்து பழக எடுத்த காலம் இன்னொன்று. இன்றும் இந்தியாவின் மின்சாரத்தில் அணுவின் பங்கு நூற்றுக்கு மூன்று அளவுதான்.

இரண்டாம் கட்டம் கல்பாக்கத்தில் நடக்கிறது. சென்னைக்குத் தெற்கே, மாமல்லபுரத்தைத் தாண்டிய கடற்கரை. அங்கே 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையின் கட்டுமானம் 2004இல் தொடங்கியது. உலையின் மையப்பகுதியை நிரப்பும் பணி 2024 மார்ச்சில்தான் ஆரம்பித்தது. மணவாளக்குறிச்சியில் மணலைச் சலித்து மோனசைட்டைப் பிரிக்கும் ஆலை இயங்கிக்கொண்டிருக்கிறது. அதிலுள்ள தோரியத்தை எரிக்கவேண்டிய மூன்றாம் கட்டம் இன்னும் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது.